மூன்று நாளில் பல்லா, ஆறு மாதமா? விடுப்பில் ஊருக்கு வரும் வாசகருக்குப் பல் மருத்துவரின் பதில்

கடிதம் எழுதியவர் பட்டுக்கோட்டைப் பக்கம். வயது 46. ஓமனில் கட்டுமான நிறுவனம் ஒன்றில் சூப்பர்வைசர். டிசம்பரில் 40 நாள் விடுப்பில் வருகிறார். அதன்பின் அடுத்த ஜூனில் 12 நாள் கிடைக்கலாம் என்கிறார். போன மாதம் அவசர விடுப்பில் வந்தபோது இரண்டு மருத்துவமனைகளில் காட்டி, தாடையை சி.பி.சி.டி. என்ற முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேனும் எடுத்திருக்கிறார்.

மூன்று இடங்களில் பிரச்சினை. மேல்வரிசையில் வலது நடுப்பல், 12 வருஷத்துக்கு முன் வேர் சிகிச்சை செய்து கேப் போட்டது, இப்போது ஆடுகிறது. வேர் விண்டுவிட்டது, எடுத்தே ஆகவேண்டும் என்று இருவரும் சொல்லிவிட்டார்கள். இடப்பக்கம் கீழ்க் கடைவாய்ப்பல்லை எடுத்து எட்டு மாதம் ஆகிறது. அதற்கு நேர் மேலே இருந்த கடைவாய்ப்பல் போய் ஆறு வருஷம். ஸ்கேன் அறிக்கைப்படி கீழே நரம்புக் குழாய்க்கு மேல் 14 மி.மீ. எலும்பு இருக்கிறது. மேலே சைனஸ் என்ற காற்றறைக்குக் கீழ் 5 மி.மீ. மட்டுமே.

முதல் மருத்துவமனை, 'பைகார்ட்டிகல்' முறையில் ஐந்து இம்ப்ளான்ட் (பல் வேருக்குப் பதிலாக எலும்பில் இறக்கும் திருகு) போட்டு மூன்றே நாளில் மூன்று பல்லையும் நிலையாகக் கட்டித் தருகிறோம், மொத்தம் 1,80,000 ரூபாய், ஆயுட்கால கேரண்டி கார்டும் உண்டு என்றிருக்கிறது. இரண்டாவது மருத்துவமனை மூன்று இம்ப்ளான்ட், ஐந்தாறு மாதம் கழித்துக் கேப், 1,35,000 ரூபாய், எலும்பு குறைந்த இடத்தில் நிரப்பும் எலும்புப் பொடிச் செலவு தனி என்றிருக்கிறது. 'இரண்டாவது டாக்டர் பழைய முறையையே பிடித்துக்கொண்டிருக்கிறாரா? மூன்று நாளில் முடிகிற வேலைக்கு ஏன் ஆறு மாதம்? வலி இல்லையென்றால் ஒட்டிவிட்டது என்றுதானே அர்த்தம்?' என்று கேட்டிருக்கிறார். கூடவே: சர்க்கரை உண்டு, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) 7.6. தினம் ஏழெட்டு சிகரெட். தூக்கத்தில் பல்லைக் கடிப்பதாக மனைவி சொல்கிறார். கடைசி வரியில், ஆடுகிற பல்லுக்கு மேல் ஈறில் அவ்வப்போது ஒரு சின்னக் கொப்புளம் வந்து தானே உடைந்துபோகும், வலிக்காததால் டாக்டர்களிடம் சொல்லவில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

பதில்

உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்துதான் தொடங்கவேண்டும். ஆனால் அது புரிய, முன்னால் சில விஷயங்கள் தேவை. கொஞ்சம் பொறுங்கள்.

இரண்டு மருத்துவமனைகளுமே மூன்று பல்லுக்கும் ஒரே பதிலைத் தந்திருக்கின்றன. ஒன்று மூன்றையும் உடனே என்கிறது, மற்றது மூன்றையும் தாமதமாக என்கிறது. உங்கள் வாயில் இருப்பது மூன்று வெவ்வேறு எலும்பு. ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு. அதோடு, இம்ப்ளான்ட் மேல் உடனே பல் வைக்கலாமா என்பதை ஓமனிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்ய முடியாது. இம்ப்ளான்டை எலும்பில் முறுக்கி இறக்கும் அந்த நிமிடத்தில் கருவி காட்டும் எண்தான் கடைசி வார்த்தை சொல்லும். எந்த எண்ணையும் பார்க்காமல் முன்கூட்டியே 'மூன்று நாள்' என்று வாக்குக் கொடுப்பவர் உங்கள் எலும்பை இன்னும் தொடவே இல்லை.

'உடனே' என்ற சொல் இரண்டு இடத்தில் வருகிறது

பல்லைப் பிடுங்கிய அதே அமர்வில், அதே குழியில் இம்ப்ளான்ட் வைப்பது ஒன்று. வைத்த இம்ப்ளான்ட் மேல் உடனே பல் பொருத்துவது வேறொன்று. முதலாவது எப்போது வைப்பது என்ற கேள்வி, இரண்டாவது எப்போது பாரம் ஏற்றுவது என்ற கேள்வி. விளம்பரங்கள் இரண்டையும் சேர்த்தே பேசும். பல்லைப் பிடுங்கிய அன்றே இம்ப்ளான்ட் வைத்து, ஈறை மூடி, கேப்பை நான்கு மாதம் கழித்துப் போடலாம். எப்போதோ எடுத்த பல்லின் இடத்தில் இன்று இம்ப்ளான்ட் வைத்து இன்றே பல்லும் பொருத்தலாம். நான்கு சேர்க்கைகளும் நடைமுறையில் உண்டு.

பாரம் ஏற்றும் காலத்துக்கு மருத்துவ உலகில் பொதுவான கணக்கு இருக்கிறது. இம்ப்ளான்ட் வைத்து ஒரு வாரத்துக்குள் பல் பொருத்தினால் உடனடி. ஒரு வாரத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் என்றால் முன்கூட்டியது. இரண்டு மாதம் தாண்டினால் வழக்கமானது. உடனடியிலும் இரண்டு வகை. எதிர்ப்பல்லோடு மோதி மெல்லும்படி வைப்பது ஒன்று. பார்வைக்கு மட்டும் இருக்கும்படி, எதிர்ப்பல் தொடாத அளவு குறைத்து வைப்பது இன்னொன்று. ஒற்றைப் பல்லுக்குப் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் செய்வோம். அதாவது, மூன்றாம் நாள் வரும் பல்லால் மூன்றாம் நாளே கறித்துண்டைக் கடிக்க முடியாது.

இரண்டாவது டாக்டர் பழைய முறையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாரா என்றால், அப்படிச் சொல்ல முடியாது. டைட்டானியம் எலும்போடு இணைவதைக் கண்டறிந்த ஸ்வீடன் ஆய்வாளர் பிரேன்மார்க் 1965-இல் முதல் நோயாளிக்கு இம்ப்ளான்ட் வைத்தார். கீழ்த்தாடைக்கு மூன்று மாதம், மேல்தாடைக்கு ஆறு மாதம் என்ற கெடு அவர் வழியில் வந்தது. அப்போது திருகுகளின் மேற்பரப்பு வழவழப்பாக இருந்தது, எச்சரிக்கையும் அதிகம். இன்றைய திருகுகளின் மேற்பரப்பை மணல் வீசி, அமிலத்தில் அரித்துச் சொரசொரப்பாக்குகிறார்கள். அதனால் நல்ல எலும்பும் நல்ல உடம்பும் இருந்தால் ஆறிலிருந்து எட்டு வாரத்திலேயே கேப் போடலாம். ஆகவே ஆறு மாதம் என்பது கல்லில் பொறித்த விதி இல்லை. எங்கே அது உண்மையிலேயே தேவை என்பதுதான் கேள்வி.

எலும்பு பிடிப்பது எப்படி

நீங்கள் கட்டடத் துறையில் இருப்பவர். ரூஃப் கான்கிரீட் போட்ட மறுநாளே சென்ட்ரிங்கைப் பிரிக்கச் சொன்னால் என்ன சொல்வீர்கள்? இதுவும் அப்படித்தான், ஒரு முக்கிய வித்தியாசத்தோடு. கான்கிரீட்டின் பலம் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும். இம்ப்ளான்டின் பிடிமானம் முதலில் இறங்கி, பிறகுதான் ஏறும்.

வைத்த அன்று இருப்பது வெறும் இயந்திரப் பிடி. மரத்தில் ஏறிய திருகைப்போல எலும்பில் இறுகி நிற்கிறது. அடுத்த சில வாரங்களில் உடம்பு, திருகைச் சுற்றி நசுங்கிய எலும்பைக் கரைக்கத் தொடங்கும். அதே சமயம் புது எலும்பும் வளரும், ஆனால் மெதுவாக. பழைய பிடி தளர்ந்து, புதுப் பிடி இன்னும் வராத இடைவெளி ஒன்று உண்டு. சுமாராக மூன்றாவது, நான்காவது வாரம். இம்ப்ளான்ட் மிகப் பலவீனமாக இருக்கும் காலம் அதுதான். அந்த நேரத்தில் 0.15 மி.மீ.க்கு மேல் அசைவு தொடர்ந்து கிடைத்தால், எலும்பு வரவேண்டிய இடத்தில் நார்த் திசு வந்துவிடும். நார் வந்துவிட்டால் அது எலும்பாக மாறாது. இம்ப்ளான்டை எடுத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

இதெல்லாம் நடக்கும்போது பெரும்பாலும் வலி இருக்காது. இயற்கைப் பல்லைச் சுற்றி இருக்கும் உணர்வுள்ள சவ்வு இம்ப்ளான்டுக்குக் கிடையாது. அதனால் 'வலிக்கவில்லை, ஒட்டிவிட்டது' என்ற கணக்கு தப்பு. இரண்டாம் வாரம் ஒன்றும் தெரியாமல் சௌகரியமாக மென்றுகொண்டிருப்பார்கள், எட்டாம் வாரம் தற்காலிகக் கேப்போடு இம்ப்ளான்டும் சேர்ந்து ஆடும்.

உங்கள் விடுப்பை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். வந்த முதல் வாரத்தில் இம்ப்ளான்ட் வைத்தால், விமானம் ஏறும்போது நான்காவது ஐந்தாவது வாரம். பிடிமானம் அடிமட்டத்தில் இருந்து அப்போதுதான் மேலேறத் தொடங்கியிருக்கும். அந்த நிலையில் மெல்லும் பல்லோடு மஸ்கட்டில் இறங்கினால், ஏதாவது என்றால் வைத்தவர் பக்கத்தில் இல்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் சீக்கிரம் முடியவேண்டும் என்றுதான் உடனடி முறையைத் தேடுகிறார்கள். உண்மையில் தாமத முறைதான் உங்களுக்கு வசதி. எலும்பு பிடிக்கும் ஐந்து மாதமும் நீங்கள் அங்கே வேலை பார்த்துக்கொண்டிருக்கலாம். இங்கே நீங்கள் இருக்கவேண்டிய அவசியம் இல்லை.

இனி பல் பல்லாக

கீழ்க் கடைவாய்ப்பல். மூன்றில் எளியது இது. எட்டு மாதத்தில் குழி ஆறியிருக்கும். 14 மி.மீ. எலும்பில் நரம்புக்கு மேல் 2 மி.மீ.யாவது பாதுகாப்பாக விட்டு, 10 மி.மீ. நீள இம்ப்ளான்டைத் தாராளமாக வைக்கலாம். கீழ்த்தாடை எலும்பு கெட்டியானது, பிடிமானமும் நன்றாக வரும். முதல் மருத்துவமனை சொல்வதுபோல இங்கே உடனே பல் வைக்க முடியுமா என்றால், முடியும்தான். ஆனால் எதற்கு? அதற்கு நேர் மேலே உங்களுக்குப் பல்லே இல்லை. மூன்றாம் நாள் கேப் வந்தாலும் முன்னால் இருக்கும் மேல் சிறு கடைவாய்ப்பல் ஓரத்தில் படுவதைத் தவிர அதற்கு வேலை கிடையாது. வெளியே தெரிகிற இடமும் இல்லை. லாபம் ஒன்றும் இல்லாத இடத்தில் நஷ்டத்துக்கு வாசல் திறப்பது ஏன்? இம்ப்ளான்ட் வைத்து, ஈறு மட்டத்தில் ஒரு சின்ன மூடியைத் திருகிவிட்டால் போதும். மறுபடி ஈறைக் கிழிக்கவேண்டிய வேலையும் மிச்சம். சர்க்கரை, சிகரெட் இரண்டும் இருப்பதால் உங்களுக்கு 12 வாரமாவது விடச் சொல்வேன். அது எப்படியும் ஜூனுக்குள் தாண்டிவிடும்.

கேட்க மறக்கும் இன்னொரு விஷயம். பக்கத்துப் பல் சாய்ந்து இடம் குறுகியிருக்கிறதா என்று அளக்கச் சொல்லுங்கள். இரு பக்கமும் பக்கத்துப் பல்லிலிருந்து 1.5 மி.மீ. விடவேண்டும். 4 மி.மீ. தடிமன் இம்ப்ளான்டுக்கு 7 மி.மீ. இடமாவது தேவை.

மேல் கடைவாய்ப்பல். இதுதான் கஷ்டமானது. மேல்தாடையின் பின்பகுதி எலும்பு இயல்பிலேயே தளர்வானது. ஆறு வருஷமாகப் பல் இல்லாததால் சைனஸ் அறை கீழே இறங்கி 5 மி.மீ.தான் மிச்சம். இந்த எலும்பில் ஒற்றை இம்ப்ளான்ட் வைத்து மூன்றாம் நாள் மெல்லச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். வழக்கமான வழி, சைனஸின் அடித்தள சவ்வை மெல்ல உயர்த்தி, கீழே எலும்புப் பொடி நிரப்பி, முடிந்தால் அதே அமர்வில் இம்ப்ளான்ட் வைத்து, ஆறு மாதம் விடுவது. 5 மி.மீ. எலும்பு இருப்பதால் பல் இருந்த இடத்தின் வழியாகவே சவ்வைத் தூக்க வாய்ப்பு உண்டு, பக்கவாட்டில் ஜன்னல் வெட்ட வேண்டியிருக்காது. சவ்வு கிழிந்துவிட்டால் அன்றைக்கு நிறுத்திவிட்டு அடுத்த விடுப்புக்குத் தள்ளிவைப்பதும் நியாயமான முடிவு. அப்படி ஒரு டாக்டர் நிறுத்தினால் கோபப்படாதீர்கள்.

முதல் மருத்துவமனை சொல்லும் பைகார்ட்டிகல் முறையைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சாலையோரப் பலகைகளில் அது இப்போது எங்கும் தெரிகிறது. பெரும்பாலும் ஒரே துண்டாக, வழவழப்பான மேற்பரப்போடு இருக்கும் நீளத் திருகுகள் அவை. நடு எலும்பின் மென்மையை நம்பாமல், எதிர்ப்புறத்துக் கெட்டி எலும்பைக் குத்திப் பிடிக்கும். அந்த முறையின் பலம் ஒற்றைத் திருகில் இல்லை. பல திருகுகளை ஒரே விறைப்பான சட்டத்தால் இணைத்து, ஒன்றுகூட அசையாதபடி செய்வதில் இருக்கிறது. எலும்பு கரைந்து, மொத்த வரிசையும் போன முதியவருக்கு அதற்கு இடம் உண்டு. உங்களுக்கோ அங்கே ஒரு பல்தான் இல்லை, இரு பக்கமும் நல்ல பல் நிற்கிறது. ஒரு பல்லுக்காக இரண்டு நீளத் திருகை ஆழமாக இறக்கி, பின்னால் ஒன்று கெட்டுப்போனால் எடுப்பதும் சிரமம். ஒரே துண்டு என்பதால் மேல்பகுதியைத் தனியாகக் கழற்றி மாற்றவும் வழியில்லை.

உடனடி பாரம் சிறப்பாக வேலை செய்யும் இடமும் இதே காரணத்தால்தான் சிறப்பாகிறது. வரிசை முழுவதும் பல் இல்லாதவர்களுக்கு நான்கிலிருந்து ஆறு இம்ப்ளான்ட் வைத்து, பின்பக்கத்தில் இரண்டைச் சாய்த்து, ஒரே பாலமாக அன்றோ மறுநாளோ பூட்டுவார்கள். இடமிருந்து வலம் ஒன்றுக்கொன்று கைகொடுப்பதால் தனித்தனியே அசைய வாய்ப்பில்லை. அப்படி ஒருவர் உங்கள் ஊரில் மூன்றாம் நாள் பல்லோடு நன்றாகச் சாப்பிடுகிறார் என்றால் அது பொய் இல்லை. அவர் வாய் வேறு, உங்கள் வாய் வேறு.

மேல் முன்பல். இப்போது அந்தக் கொப்புளத்துக்கு வருவோம். உடனடி பல்லுக்கு உண்மையான நியாயம் உள்ள ஒரே இடம் இது. நாலு பேர் முன்னால் பல் இல்லாமல் நிற்க முடியாது. பல்லை எடுத்த அன்றே இம்ப்ளான்ட் வைத்துத் தற்காலிகக் கேப் போட்டால் ஈறின் வளைவும் கலையாமல் நிற்கும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை: பல்லின் முன்பக்கத்து எலும்புச் சுவர் முழுதாக இருக்கவேண்டும். அந்தச் சுவர் நம்மில் பெரும்பாலானவர்களுக்கு 1 மி.மீ. கூட இருக்காது. வேர் நெடுக்காக விண்ட பல்லில், விரிசலை ஒட்டிச் சீழ் சேர்ந்து அந்தச் சுவரைத் தின்றுவிடும். ஈறில் வந்து உடையும் கொப்புளம் அந்தச் சீழின் வாய்க்கால். அது வலிக்காததற்குக் காரணம், உள்ளே அழுத்தம் சேராமல் வடிந்துவிடுவதுதான்.

எனவே இந்தத் தகவலை இரண்டு டாக்டர்களுக்கும் இன்றே வாட்ஸ்அப்பில் சொல்லுங்கள். ஏற்கெனவே எடுத்த ஸ்கேனில் அந்தப் பல்லின் பக்கவாட்டு வெட்டுப் படத்தைப் பார்த்து முன்சுவர் இருக்கிறதா என்று எழுதித்தரச் சொல்லுங்கள். புது ஸ்கேன் தேவையில்லை.

சுவர் முழுதாக இருந்தால்: டிசம்பரில் பல்லை நெம்பாமல், மெல்லிய கருவியால் விடுவித்து எடுத்து, இம்ப்ளான்டைச் சற்று அண்ணப் பக்கமாக, வேர் நுனிக்கு அப்பால் 3 முதல் 5 மி.மீ. புது எலும்பில் ஊன்றவேண்டும். முன்பக்க இடைவெளியில் எலும்புப் பொடி. பிடிமானம் சரியாக இருந்தால் திருகு வைத்த தற்காலிகக் கேப். சிமென்ட் வைத்து ஒட்டும் கேப் வேண்டாம். வழிந்த சிமென்ட் புண்ணுக்குள் தங்கினால் அதுவே கெடுத்துவிடும். வாயை மூடினாலும், தாடையை முன்னால் தள்ளினாலும், பக்கவாட்டில் நகர்த்தினாலும் கீழ்ப்பல் அதில் படக்கூடாது. சிவப்புக் காகிதம் வைத்துக் கடிக்கச் சொல்லும்போது அந்தப் பல்லில் ஒரு புள்ளி நிறம்கூட ஒட்டக்கூடாது, நீங்களே கண்ணாடியில் பார்த்துக்கொள்ளலாம். எட்டு வாரத்துக்கு முன்பல்லால் எதையும் கடிக்கக்கூடாது. பரோட்டாவைக் கையால் பிய்த்து வலப்பக்கக் கடைவாயில் போடுங்கள், கரும்பையும் கொய்யாவையும் மறந்துவிடுங்கள். தூக்கத்தில் பல் கடிப்பவருக்கு இந்த எட்டு வாரம்தான் ஆபத்து. உங்கள் கீழ் முன்பற்கள் மேற்பற்களின் பின்புறத்தில் ஆழமாகப் போய் மோதும் அமைப்பு என்றால், சுவர் நன்றாக இருந்தாலும் தற்காலிகக் கேப் வேண்டாம் என்பேன்.

சுவர் போயிருந்தால், கொப்புளத்தைக் கேட்டபின் அதற்கே வாய்ப்பு அதிகம் என்று தோன்றுகிறது, திட்டத்தை மாற்றுங்கள். டிசம்பர் வரை காத்திருக்காமல் அக்டோபர் நடுவில் ஓமனிலேயே அந்தப் பல்லை எடுத்துவிடுங்கள். பல் எடுப்பது அங்கே எந்தப் பல் மருத்துவரும் செய்யும் வேலை. ஆறிலிருந்து எட்டு வாரத்தில் சீழ் அடங்கி, ஈறு மூடி, டிசம்பரில் நீங்கள் வரும்போது இம்ப்ளான்டும் எலும்புப் பொடியும் வைக்கச் சரியான நிலையில் இருக்கும். பல்லை எடுத்தபின் அதன் மேல்பகுதியையே வெட்டிச் சுத்தம் செய்து, இரு பக்கப் பற்களின் பின்புறத்தில் ஒட்டித் தற்காலிகப் பல்லாக்கச் சொல்லிக் கேளுங்கள். முடியாவிட்டால் மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள் பல் பதித்த கழற்றி மாட்டும் தட்டு. எதுவானாலும் அடியில் ஈறை அழுத்தாமல் இருக்கவேண்டும். டிசம்பருக்குப் பிறகு இது இன்னும் முக்கியம்.

அன்றைக்கு டாக்டரிடம் கேட்கவேண்டிய எண்கள்

இம்ப்ளான்டை இறக்கும் முறுக்குவிசையை நியூட்டன் சென்டிமீட்டரில் சொல்வார்கள். ஒற்றைப் பல்லில் உடனே கேப் வைக்க 35 வேண்டும் என்பது பரவலான அளவுகோல். அதிகமானால் இன்னும் நல்லது என்று நினைக்கவேண்டாம். கெட்டியான கீழ்த்தாடையில் பலவந்தமாக இறுக்கினால் சுற்றியுள்ள எலும்பு நசுங்கிச் செத்துப்போகும். துளையிடும்போது சலைன் தண்ணீர் போதாமல் சூடேறினாலும் அதே கதி: 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே எலும்பு பாதிக்கப்படும்.

இன்னொன்று ஐ.எஸ்.க்யூ. என்ற அளவு. இம்ப்ளான்ட் மேல் ஒரு சிறு ஆணியைத் திருகி, காந்த அதிர்வால் தட்டி அளப்பார்கள். 1 முதல் 100 வரை போகும். 70 தாண்டினால் உறுதி, 60-க்குக் கீழ் என்றால் கைவைக்காமல் விடவேண்டும். இதன் உண்மையான பயன் ஒப்பிடுவதில் இருக்கிறது. டிசம்பரில் 64 என்று வந்தது ஜூனில் 74 ஆகியிருந்தால் கேப் போடலாம். குறைந்திருந்தால் காரணம் தேடவேண்டும். எல்லா மருத்துவமனையிலும் இந்தக் கருவி இருக்காது, அதற்காக அவர்களை ஒதுக்கவேண்டியதில்லை. முறுக்குவிசையைக் காட்டும் டார்க் ரென்ச் எல்லோரிடமும் இருக்கும். அந்த எண்ணையாவது உங்கள் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் பக்கத்து வேலை

சிகரெட்டுக்கு நான் சலுகை தரமாட்டேன். புகை ஈறின் ரத்த ஓட்டத்தைச் சுருக்கும், எலும்புப் பொடி வைத்த இடத்தில் அது இரட்டை நஷ்டம். குறைந்தபட்சம் சிகிச்சைக்கு ஒரு வாரம் முன்னும் எட்டு வாரம் பின்னும் ஒன்றுகூடக் கூடாது. முடியாது என்று தெரிந்தால் சைனஸ் வேலையைத் தள்ளிவையுங்கள். சர்க்கரை 7.6 என்பது இம்ப்ளான்டுக்குத் தடையல்ல, ஆனால் 7-ஐ ஒட்டி வந்தால் புண் ஆறுவது நன்றாக இருக்கும், இன்னும் காலம் இருக்கிறது. அறுவை அன்று வெறும் வயிற்றில் வராதீர்கள். மரத்துப்போகும் ஊசிதான், மயக்கம் இல்லை. காலை டிபனும் மாத்திரையும் முடித்து, காலை நேர அப்பாயின்ட்மென்டாகப் பாருங்கள். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையோ, எலும்புத் தேய்மானத்துக்கான ஊசியோ எடுத்திருந்தால் முன்பே சொல்லவேண்டும். நீங்களாக எதையும் நிறுத்தக்கூடாது. இரவில் பல் கடிப்பதற்கு, நிரந்தரக் கேப் போட்டபின் இரவு உறை கட்டாயம்.

கேரண்டி கார்டு, பணம், ஆவணம்

உயிருள்ள எலும்பு திருகைப் பிடிக்கும் என்று யாரும் ஆயுளுக்கு உத்தரவாதம் தர முடியாது. இம்ப்ளான்ட் நிறுவனங்கள் தரும் உத்தரவாதம் பொதுவாக அந்தத் திருகை டாக்டருக்கு மாற்றித் தருவதோடு சரி. மறு அறுவை, எலும்புப் பொடி, புதுக் கேப் யார் செலவு என்பது கார்டின் பின்பக்கத்தில் இருக்கும், அல்லது எங்குமே இருக்காது. இரண்டு இடத்திலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: ஒரு வருடத்துக்குள் ஒன்று ஒட்டாமல் போனால் நான் எவ்வளவு கட்டவேண்டும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். 1,35,000-லும் தற்காலிகப் பல், எலும்புப் பொடி, அதை மூடும் சவ்வு, அபட்மென்ட் (திருகையும் கேப்பையும் இணைக்கும் துண்டு), கேப் எல்லாம் தனித்தனியாகப் பிரித்துக் கேட்டால், இரண்டு மருத்துவமனைக்கும் இடையில் தெரியும் வித்தியாசம் சுருங்கக்கூடும்.

'இம்ப்ளான்டாலஜிஸ்ட்' என்று பலகையில் பார்த்தால் அது எம்.டி.எஸ். என்ற முதுநிலைப் பட்டத்தின் ஒரு பிரிவு என்று எண்ணவேண்டாம். இந்தியாவில் பல் மருத்துவத்தில் அப்படித் தனி எம்.டி.எஸ். கிடையாது. ஈறு மருத்துவம், வாய் அறுவை, செயற்கைப் பல் கட்டுதல் ஆகிய பிரிவுகளில் படித்தவர்களும், பயிற்சி பெற்ற பி.டி.எஸ். டாக்டர்களும் செய்கிறார்கள். சைனஸ் தூக்கும் வேலையை யார் செய்யப்போகிறார், அவரே ஜூனிலும் இருப்பாரா என்று கேட்பது பட்டத்தைப் பார்ப்பதைவிடப் பயன் தரும். வெளியூர் டாக்டர் வந்து செய்துவிட்டுப் போகும் வழக்கம் நம்மூரில் நிறைய.

ஸ்கேனின் பிரின்ட் மட்டும் போதாது. முழு டேட்டாவையும் பென் டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள், அதற்குப் பணம் கட்டியது நீங்கள். ஒவ்வொரு இம்ப்ளான்ட் டப்பாவிலும் நிறுவனம், தடிமன், நீளம், லாட் எண் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அதன் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கிப் போனில் படமும் எடுத்துவைக்கவும். ஓமனில் திருகு தளர்ந்தால், அங்குள்ள டாக்டருக்கு எந்தச் சாவி பொருந்தும் என்று தெரிய அதுதான் வழி. ஸ்டிக்கர் தரத் தயங்கும் இடத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். சிகிச்சையில் கவனக்குறைவு இருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் உரிமை உங்களுக்கு உண்டு, இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும். அங்கேயும் கையில் இருக்கும் காகிதங்கள்தான் பேசும்.

40 நாளைப் பிரிக்கும் விதம்

முதல் வாரம் பல் சுத்தம் செய்து, ரத்தப் பரிசோதனை முடித்து, அதே வாரக் கடைசியில் அறுவை. மூன்று இடத்தையும் ஒரே நாளில் செய்யலாம். மூன்று மணி நேரம் வாய் திறந்து இருக்க முடியாது என்று தோன்றினால் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அன்று மாலை மரத்துப்போனது தெளிந்தபின்னும் கீழ் உதடு உணர்வில்லாமல் இருந்தால், விடியும் வரை காத்திருக்காமல் போன் செய்யவேண்டும். இம்ப்ளான்ட் நரம்பை அழுத்துகிறது என்றால் உடனே எடுத்தால்தான் பலன். பத்தாம் நாள் தையல் பிரிப்பு. சைனஸ் வேலை செய்திருந்தால் இரண்டு வாரத்துக்கு மூக்கைச் சிந்தக்கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள், விமானமும் கூடாது. இடையில் சென்னைக்கு விமானத்தில் போய்வரும் வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். கிளம்புவதற்கு நான்கைந்து நாள் முன் ஒருமுறை காட்டி, எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு ஏறலாம்.

ஜூனில் வரும் 12 நாளுக்கு இப்போதே மருத்துவமனையோடு பேசிவையுங்கள். வந்த முதல் நாளே அளவு எடுத்துவிட்டால் லேபில் கேப் வர ஒரு வாரம், பொருத்திக் கடிப்பைச் சரிபார்க்க மூன்று நாள். ஞாயிற்றுக்கிழமை வந்திறங்கினால் ஒரு நாள் வீண். மேல் கடைவாய்ப்பல் மட்டும் ஜூனில் ஆறு மாதத்தை ஒட்டித்தான் நிற்கும். எண் சரியாக வந்தால் போடலாம், இல்லையென்றால் அதை அடுத்த முறைக்கு விடவேண்டியிருக்கும்.

ஜூனில் விடுப்பு கிடைக்காமல் போனால் என்ன ஆகும் என்று உங்கள் மனைவி கேட்கச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். இம்ப்ளான்ட் எலும்புக்குள் பாரமில்லாமல் காத்திருப்பதில் கேடு இல்லை, ஒரு வருடம் கழித்தும் கேப் போடலாம். பார்க்கவேண்டியது இரண்டு. முன்பல்லில் ஒட்டியிருக்கும் தற்காலிகப் பல் கழன்றால் அங்கேயே ஒட்டிக்கொள்ளலாம், அந்த டாக்டரிடம் கீழே இருப்பது இம்ப்ளான்ட் என்று சொல்லி, ஈறை அழுத்தாமல் ஒட்டச் சொல்லவேண்டும். ஈறு மட்டத்தில் இருக்கும் மூடித் திருகு தளர்ந்தால், உணவு போய்ச் சேரும் முன் இறுக்கிவிடச் சொல்லுங்கள். ஸ்டிக்கர் படத்தைக் காட்டினால் பத்து நிமிட வேலை.